மாலை போட்ட என் படம்

நான் நடிப்பை விட்டு இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் போன வருடம் வரை தொலைக்காட்சியில் வந்துகொண்டுதான் இருந்தேன். அதற்காக நான் ஷூட்டிங் போகவில்லை, வசனம் பாடமாக்கவில்லை, முகத்தில் பவுடர்கூடப் பூசவில்லை. ஒரு சட்டத்துக்குள், கழுத்தில் பிளாஸ்டிக் மாலையோடு, யாராவது ஒருவருடைய வீட்டுச் சுவரில் சிரித்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

வெள்ளவத்தையில் நான் மரக்கறி வாங்கும் கடைக்காரர் தக்காளியைத் தராசில் போட்டபடியே என் முகத்தைப் பார்ப்பார். "மிஸ்ஸ எங்கயோ கண்ட மாதிரியே இருக்கு" என்பார். கண்டிருப்பீங்க என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஒருமுறை காலி வீதி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் என்னை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்ததா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் "அனே, பாவம்" என்று என் கையைத் தடவிவிட்டு இறங்கிப்போனார். எனக்குத் தங்கச்சி இல்லை. அந்தப் பாவம் நான்தான்.

முதலிலிருந்து சொன்னால்தான் இது விளங்கும்.

நாங்கள் கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்க வேதக்காரர். அப்பா துறைமுகத்தில் கிளார்க். அம்மா வீட்டில் இருந்தார் என்று சொல்வது சரியில்லை. அம்மா வீட்டில் நடித்துக்கொண்டிருந்தார். மீன்காரரிடம் விலை கேட்பதென்றால் முதலில் திடுக்கிடுவார், பிறகு மனமுடைந்து கதவைச் சாத்துவார், பிறகு மன்னித்துத் திறப்பார். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் போடும் பாஸ்கு நாடகத்தில் இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோனிக்காளாக வரவேண்டும் என்பது இளவயதில் அவருடைய ஆசை. வருடா வருடம் அவருக்குக் கிடைத்ததோ அழுகிற எருசலேம் பெண்களில் ஒருத்தி, அதுவும் பின்வரிசையில்.

இருபத்திரண்டு வயதில், வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஸ்டூடியோவுக்குப் போய், படக்கம்பனி ஒன்றுக்கு அனுப்புவதற்காக அம்மா ஒரு படம் எடுத்திருக்கிறார். தாத்தா அதைக் கண்டுபிடித்துப் போட்ட சத்தத்தில் படம் தபால்பெட்டி வரை போகவில்லை. எங்கள் அல்பத்தின் முதல் பக்கத்தில் அதை ஒட்டி வைத்திருந்தார். தோளைக் கொஞ்சம் திருப்பி, கண்ணைத் தூரத்தில் எங்கோ விட்டு, எந்த நிமிடமும் பாடத் தொடங்கிவிடுவார் போல இருப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் அல்பத்தை எடுத்துக் காட்டுவார், வந்தவர்கள் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்கு வெகுநேரம் எடுக்கும்.

அப்படிப்பட்ட அம்மாவின் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு, சிங்களத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குத் தமிழ்ப் பிள்ளை வேண்டுமென்று ஆட்கள் வந்து நின்றால் என்ன நடக்கும்? அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் அம்மா எனக்குத் தலை இழுத்துப் பின்னி முடித்துவிட்டார். எனக்கு அப்போது ஆறு வயது.

எனக்குக் கிடைத்த வேடங்கள் எல்லாவற்றையும் ஒரே வேடம் என்றும் சொல்லலாம். தேயிலைத் தோட்டத்தில் தாயின் பின்னால் கூடையோடு நடக்கும் தமிழ்ப் பிள்ளை. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுச் சிங்களப் பையனுக்கு மாம்பழம் நீட்டும் தமிழ்ப் பிள்ளை. ரயிலில் தொலைந்துபோகும் தமிழ்ப் பிள்ளை. ஒரு சினிமாவில் அகதிமுகாம் வரிசையில் அலுமினியக் கோப்பையோடு நிற்கும் தமிழ்ப் பிள்ளை. எங்கே நின்றாலும் நெற்றியில் ரூபாய்க் குத்தி அளவில் பொட்டு, தலையில் மல்லிகைச் சரம், உடம்பில் பட்டுப் பாவாடை. அகதி வரிசையிலும் பட்டுப் பாவாடைதான். சோற்றுக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு ஏன் பட்டு என்று அம்மா டைரக்டரிடம் கேட்டார். "இல்லாவிட்டால் தமிழ் என்று எப்படித் தெரியும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். ஷூட்டிங் முடிந்து வீட்டுக்கு வரும்போது அம்மா, ஜிந்துப்பிட்டி தாண்டுவதற்குள் தேங்காயெண்ணெய் தொட்டு என் பொட்டை அழித்துவிடுவார். அந்த அளவுப் பொட்டோடு பாதர் கண்டால் என்ன நினைப்பார் என்ற பயம்.

என் குரலை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. சிங்களத் தொடர்களில் என் சிங்களத்தில் தமிழ் வாசம் அடிக்கிறதென்று ஒரு சிங்களப் பிள்ளை எனக்குக் குரல் கொடுத்தாள். தமிழ் நாடகத்தில் நடித்தபோது என் தமிழில் கொட்டாஞ்சேனை வாசம் அடிக்கிறதென்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி குரல் கொடுத்தாள். நான் வாயை மட்டும் அசைத்தேன். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

நான் நன்றாகச் செய்தது சாவதைத்தான். காய்ச்சலில் செத்திருக்கிறேன், வெள்ளத்தில் செத்திருக்கிறேன், கிணற்றில் விழுந்து செத்திருக்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணிமை துடிக்காமல் கிடக்க என்னால் முடியும். அதனால் சாகிற பிள்ளை வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு இதில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. பயத்துக்கு அவரே ஒரு மருந்து கண்டுபிடித்தார். டைரக்டர் "கட்" என்று சொன்னதும் கைப்பையிலிருந்து ஒரு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்.

"எழும்பி இதச் சாப்பிடு."

"பசிக்கேல்ல அம்மா."

"பசிக்கோ சாப்பிடச் சொன்னனான்? செத்தவ சாப்பிடமாட்டா. சாப்பிட்டுக் காட்டு."

யாருக்குக் காட்டுவது என்று கேட்டால் கண்ணை மேலே தூக்கிக் காட்டுவார். இது எந்த வேதத்திலும் உள்ள சடங்கு இல்லை. ஒருமுறை கிணற்றுச் சாவை இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருந்தது. பாதி எடுத்த பிறகுதான், கிணற்றிலிருந்து தூக்கிய பிணத்தின் உதட்டில் பிஸ்கட் தூள் இருப்பதைக் கமெராக்காரர் கண்டார். மூன்றாம் தடவை எடுத்தார்கள். மூன்றாம் தடவையும் அம்மா பிஸ்கட்டோடு வந்தார்.

என் கடைசி வேடத்தில் முதலாவது பாகத்திலேயே நான் செத்துவிடுவேன். அதன் பிறகு தொடர் முழுவதும் என் தாயாக நடித்தவர் என் படத்தைப் பார்த்து அழவேண்டும். அதற்காக ஒரு படம் எடுத்தார்கள். இரட்டைப் பின்னல், அதே பெரிய பொட்டு, முன்பல் ஒன்று கோணலாகத் தெரிய ஒரு சிரிப்பு. படத்தைச் சட்டம் போட்டு, மேலே வெள்ளையும் சிவப்புமாக ஒரு பிளாஸ்டிக் மாலையைச் சாத்தி, கீழே சிவப்பு பல்ப் ஒன்றை எரியவிட்டார்கள். அதுவரை செட்டில் மரியாதையாக இருந்த அம்மா அன்றைக்குத்தான் சத்தம் போட்டார்.

"உயிரோட இருக்கிற பிள்ளைட படத்துக்கு மாலை போடுறதா? எங்கட ஆக்கள்ல ஒருத்தரும் அப்பிடிச் செய்யமாட்டாங்க!"

செட் போடுகிறவர் நல்ல மனிதர். "அம்மா, இது பிளாஸ்டிக்தானே" என்று சமாதானம் சொன்னார். தொடர் முடிந்ததும் மாலையைக் கழற்றிப் படத்தை எங்களிடம் தருவதாகத் தலையாட்டினார். தலையாட்டியவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார், படம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் மளமளவென்று வளர்ந்தேன். பல்லுக்குக் கம்பி போட்டார்கள். "தமிழ்ப் பிள்ளைக்கு வேண்டிய பாவம் இந்த முகத்தில் இப்போது இல்லை" என்று ஒரு டைரக்டர் என்னைப் பார்த்தே சொன்னார். பன்னிரண்டு வயதில் ஓய்வு பெற்றேன். படித்து, காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன், வீடும் வெள்ளவத்தைக்கு மாறியது. நான்தான் ஓய்வு பெற்றேன். படம் வேலையை விடவில்லை.

அதை முதலில் கண்டவர் அப்பா. ஒரு நாள் பொழுதுபடச் சாப்பாட்டுக் கோப்பையோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவர், "அந்தா! அந்தா எங்கட பிள்ளை!" என்று கத்தினார். சிங்களத் தொடர் ஒன்றில் ஒரு தமிழ் வீடு. கதாநாயகன் உள்ளே வர, அவனுக்குப் பின்னால் சுவரில் நான், மாலையோடு. அடுத்த தொடரிலும் நான். அப்பா விசாரித்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. முடிந்த தொடர்களின் சாமான்களை வாங்கி வாடகைக்கு விடுகிற ஒருவர் கொலன்னாவையில் இருக்கிறார். அவரிடம் தமிழ் வீடு என்று கேட்டால் எல்லாம் சேர்த்து ஒரே கட்டாகத் தருவார். குத்துவிளக்கு, லட்சுமி கலண்டர், வெற்றிலைத் தட்டம், நான்.

செத்த பிள்ளையாக மட்டும் தொங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. செட் போடுகிறவர்கள் எங்கள் வீடுகளில் மாலை போட்ட படங்களைக் கண்டிருக்கிறார்கள். யாருக்கு மாலை போடுவோம் என்று மட்டும் கேட்கவில்லை. தமிழர் வீட்டுப் படமென்றால் மாலை இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு தொடரில் நான் லண்டனில் படிக்கிற மகள். தாய் தொலைபேசியில் "மகள், அங்க குளிரா?" என்று கேட்கிறார், பின்னால் சிவப்பு பல்ப் வெளிச்சத்தில் மாலையோடு மகள் சிரிக்கிறாள். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இன்னொன்றில் கத்தோலிக்கத் தமிழ் வீடு. இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் அதே பொட்டும் அதே மாலையுமாக நான். என் சொந்த வேதத்தில் நான் நடித்தது அந்த ஒரு தொடரில் மட்டும்தான்.

அப்பாவும் நானும் இதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டோம். யார் முதலில் காண்கிறார்களோ அவருக்கு ஒரு ஐஸ்கிரீம். அம்மா விளையாட்டில் சேரவில்லை. நான் வேலையால் வரப் பிந்துகிற நாட்களில் கைத்தொலைபேசி அடிக்கும்.

"ஏதும் சாப்பிட்டியா?"

"வீட்ட வந்து சாப்பிடுறன் அம்மா."

"இல்ல, இப்ப சாப்பிடு. எனக்குக் கேக்கச் சாப்பிடு."

மேசை லாச்சியிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துக் கடிப்பேன். அலுவலகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். எந்தத் தாயும் கேட்கிற கேள்விதானே என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அம்மா அப்படிக் கேட்ட நாட்களிலெல்லாம் நான் மாலையோடு தொலைக்காட்சியில் வந்திருக்கிறேன் என்பது பிறகுதான் விளங்கியது.

அப்பா காலமானார். அவருடைய படத்தை ஹோலில் மாட்டி அம்மா மாலை போட்டார். அந்த மாலைக்குப் பிறகு என் மாலையை அவரால் பார்க்க முடியவில்லை. தொடரில் தமிழ் வீடு வரப்போகிறது என்று தெரிந்தால் உடனே சனலை மாற்றிவிடுவார். எனக்குக் கலியாணம் சரிவராததற்கும் அந்தப் படம்தான் காரணம் என்று சொல்லத் தொடங்கினார். படத்தில் குற்றமில்லை, பார்க்க வந்த மாப்பிள்ளைமாரை நீங்களும்தானே பார்த்தீங்க என்று நான் சொல்வேன்.

போன வருடம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைரொய்ட் என்றார் டொக்டர். ஒப்பரேசன் செய்து எடுத்துப் பார்த்தால்தான் என்ன கட்டி என்று நிச்சயமாகச் சொல்லலாம் என்றார். இடம் அப்படியானபடியால் கொஞ்ச நாளைக்குக் குரல் கம்மிப்போகலாம் என்றும் சொன்னார். ஒருவரும் எடுக்காத குரல்தானே என்று நான் பகிடி விட்டேன். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு திரும்பி, தன் விரலால் என் கழுத்தில் ஒரு கோடு இழுத்தார்.

"பார். மாலை விழுற இடம்."

"அம்மா!"

"மாலை விழுற அதே இடத்திலதான் வந்திருக்கு. நான் சொல்லச் சொல்ல ஒருத்தரும் கேக்கேல்ல."

"நாங்க வேதக்காரர். இதெல்லாம் நம்பக்கூடாது எண்டு நீங்கதானே சொல்லுவீங்க?"

"ஓம். நம்பக்கூடாதுதான்," என்றார் அம்மா. "படத்த எடுத்துக்கொண்டு வந்த பிறகு நம்பாம இருப்பம்."

நான் கத்தினேன். படித்த பிள்ளையை இப்படிக் கேலிக்கூத்தாக்க வேண்டாமென்றேன். கட்டிக்கும் மாலைக்கும் என்ன சம்பந்தமென்றேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அந்தப் படம் இறங்கும்வரை என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போவதில்லை என்றார். திடுக்கிடவில்லை, மனமுடைந்து கதவைச் சாத்தவில்லை. இது நடிப்பில்லை என்று தெரிந்ததும் சரி, போவோம் என்றேன். அவருக்கு மிஞ்சியிருந்தது நான் ஒருத்திதான்.

கொலன்னாவைக்கு ஓட்டோ பிடித்தோம். அம்மா ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். தாங்க, நான் பிடிக்கிறேன் என்றால் தரவில்லை. உள்ளே பிஸ்கட்டாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டி ஒரு ஒழுங்கைக்குள் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே போனால் ஒரு மூலையில் பொலிஸ் நிலையம், பக்கத்தில் ஆஸ்பத்திரி வார்ட், அதற்கப்பால் நீதிமன்றக் கூண்டு. கடைசி மூலையில், குத்துவிளக்குகளுக்கு நடுவில், தூசி படிந்த மாலையோடு நான். நேரில் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் திக்கென்றது.

முதலாளி வயிறு பெருத்த, சிரித்த முகமான சிங்களவர். சிங்களத்தில்தான் கதைத்தோம். படத்தைக் காட்டி, இது எனக்கு வேண்டும் அண்ணே என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நங்கியுடைய தங்கச்சியா?" என்று, என்னையும் சிங்களத்தில் தங்கையாக்கி, மெதுவாகக் கேட்டார்.

"நான்தான்."

மனிதர் இரண்டடி பின்னால் போனார். பிறகு வாய் நிறையச் சிரித்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "அனே! நங்கி உயிரோடு இருக்கிறீர்களா? இத்தனை வருடமாக இந்தப் பிள்ளைக்காக என் மனைவி கோயிலில் விளக்கு வைக்கிறாளே!"

அந்த அன்பெல்லாம் படத்தைத் தருகிறீர்களா என்று கேட்டதும் காற்றாகப் போய்விட்டது. அடுத்த கிழமை தமிழ் வீட்டுச் செட்டை வாடகைக்கு எடுக்க ஆள் வருகிறதென்றார். படமில்லாமல் கொடுத்தால் செட் குறை என்று சண்டைக்கு வருவார்களாம்.

"தமிழ் வீடென்றால் படம் இருக்கத்தான் வேண்டுமா?" என்றேன்.

"இல்லாவிட்டால் தமிழ் என்று எப்படித் தெரியும்?"

டைரக்டர் அன்று கேட்ட அதே கேள்வி இவர் வாயிலிருந்தும் வந்ததும் எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. தமிழர் வீடுகளில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, மாலை இல்லாத படங்களும் இருக்கின்றன, உயிரோடு இருக்கிறவர்களுக்கு நாங்கள் மாலை போடுவதில்லை, லண்டனில் படிக்கிறவளுக்கு நிச்சயமாகப் போடுவதில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். என் சிங்களத்தில் எவ்வளவு தமிழ் வாசம் அடித்ததோ தெரியாது. அவர் மிகவும் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். ஏலாது என்று அர்த்தம். நேரே பொலிஸுக்குப் போகிறேன் என்று சொல்லித் திரும்பியவள், ஆத்திரத்தில் அவருடைய மரப் பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே போய் முட்டிக்கொண்டேன். அங்கிருந்து வெளியே வந்து, ஓட்டோக்காரரோடு காரணமில்லாமல் இன்னொரு சண்டை பிடித்தேன்.

சிறிது நேரத்தில் அம்மா வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய படம்.

"எப்பிடித் தந்தார்?"

"கேட்டன். தந்தார். உன்னமாதிரிக் கத்திக் கேட்டா யார் தருவாங்க?"

வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தோம். படத்தில் மாலை இல்லை. மாலை செட்டுக்குரியது என்று முதலாளி கழற்றி வைத்துக்கொண்டாராம். அம்மா ஈரத்துணியால் என் பழைய முகத்தைத் துடைத்தார், கோணல் பல்லை விரலால் தடவினார், படத்தை என் கட்டிலுக்கு மேலே மாட்டினார். அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டார். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. கட்டி ஆபத்தில்லாத கட்டி என்று ரிப்போர்ட் வந்தது. அம்மா டொக்டருக்கு நன்றி சொன்னார், ஆனால் பாராட்டில் பாதியைத் தனக்கு எடுத்துக்கொண்டார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. டொக்டர் சொன்னபடியே என் குரல் கம்மிப்போனது. கதைத்தால் காற்றுதான் வரும். கத்தாதே, முணுமுணுக்கவும் செய்யாதே என்று உத்தரவு. கழுத்தில் பஞ்சோடு, கஞ்சியும் தொலைக்காட்சியுமாக வீட்டில் கிடந்தேன்.

சில கிழமைகள் கழித்து ஒரு புதிய சிங்களத் தொடர் தொடங்கியது. அம்மா அன்றைக்கு யாரோடோ தொலைபேசியில் சிங்களத்தில் கதைத்துவிட்டு, வெள்ளனவே குளித்து, நல்ல சாரி ஒன்றை உடுத்தி, தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கோயிலுக்கா என்று சைகையில் கேட்டேன். இல்லை என்றார். தொடரில் கதாநாயகன் ஒரு தமிழ் வீட்டுக் கதவைத் தட்டினான். நான் ரிமோட்டை எடுத்தேன். அம்மா என் கையிலிருந்து அதைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. குத்துவிளக்கு, லட்சுமி கலண்டர், வெற்றிலைத் தட்டம். சுவரில் அதே வெள்ளையும் சிவப்புமான மாலை. மாலைக்குள் ஒரு இளம்பெண். தோளைக் கொஞ்சம் திருப்பி, கண்ணைத் தூரத்தில் எங்கோ விட்டு, எந்த நிமிடமும் பாடத் தொடங்கிவிடுபவள்போல.

நான் எழும்பிப் போய் அலமாரியிலிருந்து அல்பத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் படத்தின் நாலு மூலையிலும் இருந்த கறுப்புக் கடதாசிகள் மட்டும் ஒட்டியிருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. படக்கம்பனிக்குப் போகாத படம் கடைசியில் போய்விட்டது. துணிப்பையில் இருந்தது பிஸ்கட் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எங்கள் தொடர்மாடி வீடுகள் முழுவதும் கேட்கக் கத்தியிருப்பேன். ஆனால் காற்றுதான் வந்தது.

"உங்களுக்கென்ன விசரா அம்மா? மாலை எண்டா உங்களுக்குத்தானே பயம்?"

"ஷ். பார்க்க விடு."

கமெரா நகர்ந்து சுவருக்குப் பக்கத்தில் வந்தது. கதாநாயகன் படத்துக்கு முன்னால் நின்று தலை குனிந்தான். அம்மாவின் முகம் திரையில் பாதியை நிறைத்தது. பின்வரிசையில் அழுத எருசலேம் பெண்ணுக்கு இவ்வளவு கிட்டத்தில் ஒரு ஷொட் கிடைத்ததே இல்லை.

"கொஞ்சம் வெளிச்சம் போட்டிருக்கலாம்," என்றார் அம்மா. "மூக்கு எடுப்பாத் தெரியேல்ல. எண்டாலும் வடிவாத்தானே இருக்கிறன்?"

"ஏன் அம்மா இப்பிடிச் செய்தீங்க?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த மனுசன் சுவர வெறுமையா விடமாட்டனெண்டுது. யாராவது ஒருத்தர் தொங்கத்தானே வேணும்?" என்றார். பிறகு சாரித் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாலை உன்ர கழுத்தில கிடந்தாத்தான் எனக்குப் பயம். என்ர கழுத்தில கிடந்தா என்ன? நான் இருக்கிற வயசுக்கு, அது சும்மா ஒரு மாலை," என்றார்.

எனக்கு அழுகை வந்தது, கோபமும் போகவில்லை. என்னை அந்தச் சட்டத்துக்குள்ளிருந்து வெளியே எடுக்க, அம்மா தானே உள்ளே போய் நின்றிருக்கிறார். அதையும் ஏதோ தனக்கு வாய்ப்புக் கிடைத்ததுபோல, சாரி உடுத்திக்கொண்டு பார்க்கிறார். ஆசையா, பயமா, இரண்டுமா, எனக்குத் தெரியாது. கேட்டால் நடிப்பார்.

நான் குசினிக்குப் போய் டின்னைத் திறந்து ஒரு கிரீம் கிராக்கரை எடுத்து வந்தேன். அம்மாவின் கையைப் பிடித்து அதற்குள் திணித்தேன்.

"பசிக்கேல்ல," என்றார்.

"பசிக்கோ சாப்பிடச் சொன்னனான்?" என்றேன். பாதிச் சொற்கள் வெளியே வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு அந்த வசனம் பாடம்.

அவர் பிஸ்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் படம் மறுபடி திரையில் வரும்வரை காத்திருந்து, எனக்குக் கேட்கிற மாதிரி கடித்து, ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுக் காட்டினார்.